பவுலஸின் தவறு சரணடைந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில் நடந்த போர் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, ஜெர்மன் தளபதி ஃபிரீட்ரிக் பவுலஸைக் கோழை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. வரலாறு சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவள் நான், மனசு கேட்கவில்லை.

பவுலஸ் வரைபடமும் மேசையுமாக வளர்ந்த அதிகாரி. சோவியத் மீதான படையெடுப்பைத் திட்டமிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு டிவிஷனைக்கூட (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) தலைமையேற்று நடத்தாத அவரிடம் 1942 ஜனவரியில், பல டிவிஷன்கள் சேர்ந்த ஜெர்மனியின் ஆறாவது ராணுவத்தையே ஒப்படைத்தார்கள். நவம்பரில் ஸ்டாலின்கிராடில் சோவியத் படைகள் அதைச் சுற்றிவளைத்தன. விமானத்தில் எல்லாம் கொண்டுவந்து இறக்குகிறோம் என்றார் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங். நாளுக்குக் குறைந்தது 300 டன் தேவை. வந்ததோ சராசரியாக 100 டன் போலத்தான். வீரர்கள் குதிரைகளை அறுத்துத் தின்றார்கள்.

என் கோபமெல்லாம் 1943 ஜனவரி 8 மேல்தான். சரணடைந்தால் உணவும் மருத்துவமும் தருகிறோம் என்று சோவியத் தரப்பு எழுதியே கொடுத்தது. பவுலஸ் மறுத்தார். ஹிட்லர் அனுமதிக்கவில்லை, சரி. ஆனாலும் அடுத்த மூன்று வாரம் பனியிலும் பசியிலும் செத்தவர்களுக்கு அவரும் பொறுப்பு.

ஜனவரி 30-ல் ஹிட்லர் அவரை ஃபீல்டு மார்ஷல் என்ற மிக உயர்ந்த ராணுவப் பதவிக்கு உயர்த்தினார், பிடிபடாமல் தற்கொலை செய்துகொள்வார் என்று எதிர்பார்த்து. பவுலஸ் மறுநாளே ஒரு பெரிய கடையின் நிலவறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தார். இதையா கோழைத்தனம் என்பது? சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய 6,000 பேர்தான். கட்டுரையாளர் அந்த ஜனவரி 8 பற்றியும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை