அம்மா "வேண்டாம்" என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

முதியோர் இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே இரவு பகலாக வேலை பார்க்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 81. மறதி நோய். இரண்டு வருடமாக ஓர் இல்லத்தில் இருக்கிறார். மாசியில் பார்க்கப் போனேன். தலைமுடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தார்கள். "பேன் வந்துடும்மா, சீவவும் நேரமில்ல" என்றார்கள். அறுபது வருடம் கொண்டை போட்டுப் பழகிய கை பிடரியைத் தடவித் தடவித் தேடிக்கொண்டே இருந்தது. வெட்டும்போது வேண்டாம் என்று கத்தினாராம். அதையும் அவர்களேதான் சொன்னார்கள்.

மனநல நிலையங்களில் யாருக்கும் கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் இல்லத்துக்கு அது பொருந்தாது என்பீர்கள். சரி. அதே வருடம் ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்களே, அது எல்லோருக்கும் உரியது. பிள்ளைகள் பெயரையே மறந்துவிட்டவருக்கும்தான்.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. விடியற்காலையிலேயே ஆரம்பித்தால்தான் டிபனுக்குள் எல்லோரையும் குளிப்பாட்டி முடிக்க முடியும். ஆனால் குளிக்க மாட்டேன் என்பவரிடம் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். தண்ணீர் சில்லென்று இருக்கலாம். கையைத் தூக்கினால் தோள்பட்டை வலிக்கலாம். தலையில் திடீரென்று ஊற்றினால் மூச்சு முட்டிப் பயம் வரலாம். கூட நிற்பது ஆணாக இருக்கலாம். மறதி வந்தவரால் இதை வாயால் சொல்ல முடியாமல் போகலாம், அதனால்தான் கையைத் தட்டிவிடுகிறார், கிள்ளுகிறார். அதை முரட்டுத்தனம் என்று நோட்டில் எழுதாதீர்கள்.

மலம் பட்ட துணியோடு மணிக்கணக்கில் விட முடியாது, தோல் புண்ணாகிவிடும். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் துணியை உருவுவது வழியல்ல. இருபது நிமிடம் கழித்து, அவருக்குப் பிடித்த அக்கா வந்து கேட்கலாம். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். ஒரு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

சேர்க்கைப் படிவத்தில் எங்களுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். அம்மாவுக்காக நான் இப்படி எழுதித் தருவேன்: செவ்வாய், வெள்ளி தலைக்குக் குளிப்பார். வெந்நீர்தான். ஆண்கள் வேண்டாம். முடியில் கை வைக்கும் முன் அவரைக் கேளுங்கள்.