முதலாம் வருட ஆய்வுகூடம்: மகளுக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் முதல் கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளின் ஆய்வுகூடம் உன் பொறுப்பில் வருகிறது என்றாய். விரிவுரை, செய்முறை, மென்பொருள் மூன்றையும் எந்த ஒழுங்கில் வைப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் கையால் கணக்கு, அடுத்து மேசையில் அளவீடு, கடைசியாகக் கணினி. இந்த ஒழுங்கை எந்தக் கிழமையிலும் மாற்றாதே. ஒவ்வொரு செய்முறை முடியும்போதும் பிள்ளையின் கொப்பியில் ஒரே கணியத்துக்கு மூன்று எண்கள் இருக்க வேண்டும். அந்த மூன்றும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் பாடம் இருக்கிறது. கணினியை முதலில் திறந்தால், திரையில் வந்த எண்ணுக்கு ஏற்றபடி வாசிப்புகளைப் பிள்ளைகள் வளைத்துவிடுவார்கள். அது பொய் சொல்லும் ஆசையால் வருவதில்லை. சரியான விடை ஒன்று ஏற்கெனவே கண்ணில் பட்டுவிட்டால் மீற்றரை நம்ப மனம் வராது.

முதல் செய்முறையாகக் கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம், மின்னேறுவதையே வை. பாகங்கள் மலிவு, ஆபத்து குறைவு, கடிகாரம் வைத்துக் கையால் வாசிக்கலாம். 5 வோல்ற் வழங்கல், 1 மெகா ஓம் தடையி, 10 மைக்ரோ பரட் மின்பகு கொள்ளளவி. நேர மாறிலி, அதாவது இறுதி அளவின் ஏறத்தாழ 63 வீதத்தை எட்ட எடுக்கும் நேரம், 10 செக்கன். பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் செருகுபலகையைத் தொடுமுன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதி வாங்கு: 10 ஆவது செக்கனில் எத்தனை வோல்ற், ஒரு நிமிடத்தில் எத்தனை. 3.16 என்றும், கிட்டத்தட்ட 5 என்றும் எழுதுவார்கள். பேனையால் எழுதச் சொல். பென்சில் என்றால் பிறகு மாறிவிடும்.

மீற்றரைக் கொள்ளளவிக்குக் குறுக்கே பிடித்ததும் எண் ஏறும், ஆனால் 4.5 வோல்ற் அளவில் நின்றுவிடும். உடனே "கொள்ளளவி பழுது" என்று ஒரு குரல் வரும். பதில் சொல்லாதே. நல்ல டிஜிற்றல் மீற்றரின் உள்தடை 10 மெகா ஓம். அது 1 மெகா ஓமோடு சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கு போடுகிறது: 5 ஐ 10 ஆல் பெருக்கி 11 ஆல் வகுத்தால் 4.55. கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீற்றர்கள் பலவற்றில் உள்தடை 1 மெகா ஓம்தான். அதைப் பிடித்தவர்களுக்கு 2.5 வோல்ற்றுக்கு மேல் ஏறாது. இரண்டு வகை மீற்றரையும் வேண்டுமென்றே வெவ்வேறு மேசைகளில் வை. பக்கத்து மேசையில் வேறு எண் நிற்பதைக் கண்டால் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து போய்ப் பார்ப்பார்கள். அந்த நடமாட்டத்தைத் தடுக்காதே.

இதில் இன்னும் ஒன்று ஒளிந்திருக்கிறது. 10 மெகா ஓம் மீற்றரோடு 10 ஆவது செக்கனில் வரவேண்டியது 3.03 வோல்ற். கணித்த 3.16 க்கும் இதற்கும் நூற்றுக்கு நான்குதான் வித்தியாசம். மின்பகு கொள்ளளவியின் பெறுமானமோ சாதாரணமாக 20 வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆகவே 10 ஆவது செக்கன் வாசிப்பை மட்டும் எடுத்தவர்களுக்கு மீற்றரின் குறுக்கீடு தெரியவே தெரியாது. கொள்ளளவியின் பெறுமானப் பிழை ஏறும் வேகத்தை மாற்றும், இறுதி அழுத்தத்தைத் தொடாது. மீற்றர் இரண்டையும் மாற்றும். எந்தப் பிழை எந்த வாசிப்பில் தெரியும் என்று பிரித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், நான்கு வருடமும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

மூன்றாவது சந்தேக நபர் கொள்ளளவியின் கசிவு. 1 மெகா ஓம் வழியே 0.1 மைக்ரோ அம்பியர் கசிந்தாலே 0.1 வோல்ற் விழுந்துவிடும். அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த கொள்ளளவிகள் இன்னும் மோசம். கசிவா மீற்றரா என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. மீற்றரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருந்து, பிறகு தொட்டு முதல் வாசிப்பைப் பிடிக்க வேண்டும். எண் 5 க்குக் கிட்டத் தொடங்கி மெல்ல 4.5 க்கு இறங்கினால் குற்றம் மீற்றரில் மட்டும். 4.8 இல் தொடங்கினால் கிட்டத்தட்ட 0.2 மைக்ரோ அம்பியர் கசிகிறது. இதை நீயாகச் சொல்லிக் கொடுக்காதே. "மீற்றர் இல்லாதபோது அங்கே எத்தனை வோல்ற் இருக்கிறது, எப்படி அறிவாய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போ.

மின்பகு கொள்ளளவியின் மறைக்கால் எது என்று உறையில் கோடு போட்டிருக்கும், வழங்கலைத் திறக்குமுன் ஒவ்வொரு மேசையிலும் நீயே பார். நீளச் செருகுபலகைகள் பலவற்றில் ஓரத்து வழங்கல் வரிசை நடுவில் துண்டுபட்டிருக்கும். பாதிப் பலகைக்கு மின் வராமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரையும் ஒசிலோஸ்கோப் வரும் கிழமையில் அதன் நிலக்கவ்வி சுவர்ச் செருகியின் புவியோடு இணைந்தது என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடு. சுற்றில் நினைத்த இடத்தில் அதைக் கவ்வினால் அந்த இடம் புவிக்குக் குறுக்குச் சுற்றாகிவிடும்.

இனிக் கணினி. எல்ரிஸ்பைஸ் என்ற சுற்றுக் கணிப்பு மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதே சுற்றை வரையச் சொல். கால்வாசிப் பேருக்காவது தொடக்கத்திலிருந்தே 5 வோல்ற்றில் ஒரு நேர்கோடுதான் வரும். அதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தடையியின் பெறுமானத்தை 1 எம் என்று எழுதியிருப்பார்கள். ஸ்பைஸ் அதை மில்லி என்றே எடுக்கும், பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ அதற்கு ஒன்றுதான். மெகாவுக்கு "மெக்" என்று மூன்று எழுத்தும் எழுத வேண்டும். மற்றது, மென்பொருள் முதலில் நேரோட்ட நிலையைக் கணித்துவிட்டுத்தான் நேரத்தை ஓட்டும். 5 வோல்ற் மாறா முதலைப் போட்டால் கொள்ளளவி தொடங்கும்போதே நிறைந்திருக்கும். பூச்சியத்திலிருந்து 5 க்குத் தாவும் துடிப்பு முதலைப் போட்டால் வளைகோடு வந்துவிடும். எது காரணம் என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடு. கடைசியாக, கொள்ளளவிக்குச் சமாந்தரமாக ஒரு 10 மெகா ஓமைப் போட்டால் திரையிலும் 4.55 வரும். அப்போதுதான் அவர்கள் மேசையிலிருந்த மீற்றரையும் சுற்றின் ஒரு பாகமாக எண்ணத் தொடங்குவார்கள்.

நேரமிருந்தால் ஒக்டேவ் என்ற கணித மென்பொருளில் பத்து வரி எழுதி அதே சமன்பாட்டை, நேரத்தைச் சிறு படிகளாக நகர்த்தும் ஓயிலர் முறையில் தீர்க்கச் சொல். படி 1 செக்கன் என்றால் அழகான வளைவு. 10 செக்கன் என்றால் ஒரே தாவலில் 5. 20 செக்கன் என்றால் பூச்சியத்துக்கும் 10 வோல்ற்றுக்கும் இடையில் மாறி மாறி ஆடும். 25 வைத்தால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். 5 வோல்ற் வழங்கலிலிருந்து 12.5 வோல்ற் எப்படி வந்தது என்று கேள். கணினி தந்த எண்ணை இயற்பியலால் சோதிக்கும் கேள்வி அது.

பொறிமுறைப் பக்கத்துக்கு நான் சொல்லக்கூடியது உருக்கு அடிமட்டம் ஒன்றே. 25 மில்லிமீற்றர் அகலம், 1 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு முனையை மேசை விளிம்பில் இறுக்கி 250 மில்லிமீற்றர் வெளியே நீட்டி, நுனியில் 50 கிராம் தொங்கவிட்டால் உருக்கின் விறைப்பைக் குறிக்கும் யங்கின் மட்டு 200 கிகா பஸ்கால் எனக் கொண்டு 6.1 மில்லிமீற்றர் தொய்வு வரவேண்டும். அடிமட்டத்தின் சொந்த நிறையே 2 மில்லிமீற்றருக்கு மேல் தொய்விக்கும், ஆதலால் பூச்சிய வாசிப்பை இறுக்கிய பிறகே எடுக்க வேண்டும். தொய்வு தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதம். 0.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள அடிமட்டத்தை 1 என்று எடுத்துக்கொண்டவருக்கு அளந்த தொய்வு 37 வீதம் கூடிக் காட்டும். ஒரு மேசைக்கு மைக்குரோமீற்றரும் இன்னொரு மேசைக்கு வெறும் அடிமட்டமும் கொடு, இந்த 37 வீதத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இறுக்கி தளர்ந்திருந்தாலும் தொய்வு கூடும். நிறையை இரட்டித்துப் பார்த்து, தொய்வு சரியாக இரட்டிக்கவில்லை என்றால் முதலில் இறுக்கியைப் பார்க்கச் சொல்.

இதே கோலை, பொருளைச் சிறு மூலகங்களாகப் பிரித்துக் கணிக்கும் பைனைட் எலிமென்ற் மென்பொருளில் போடும்போது தடிப்புக்கு ஒரே ஒரு அடுக்கு முதற்படி மூலகங்கள் வைத்தால் கோல் உண்மையைவிட மிக விறைப்பாகத் தெரியும், தொய்வு குறைந்து வரும். இரண்டாம்படி மூலகங்களுக்கு மாற்றினால் கைக்கணக்கோடு சேர்ந்துவிடும். வண்ணப்படம் இரண்டு முறையும் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். கைக்கணக்கு இல்லாத பிள்ளைக்கு எந்தப் படம் பொய் என்று சொல்ல வழியே இல்லை. கணக்கை முதலில் வை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

புள்ளி போடுவதைப் பற்றி உன்னிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "சரியான" விடைக்கு எவ்வளவு கிட்டே வந்தார் என்று புள்ளி போட்டால் இரண்டாம் கிழமையே வாசிப்புகள் சமைக்கப்படும், மூத்தவர்களின் கொப்பிகள் கைமாறும். 20 புள்ளி என்றால் முன்கணிப்புக்கு 6, அலகோடும் வழுவோடும் எழுதிய வாசிப்புகளுக்கு 4, வித்தியாசத்துக்குச் சொன்ன காரணத்துக்கும் அதைச் சோதித்துக் காட்டியதற்கும் 10 என்று கொடு. குழு இரண்டு பேருக்கு மேல் போகக்கூடாது. நான்கு பேர் என்றால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், பெரும்பாலும் அது பெண்பிள்ளைகளாகவே இருக்கும். மூன்று மணி நேரச் செய்முறையில் கடைசி நாற்பது நிமிடத்தை ஒதுக்கிவிடு. எல்லோருடைய இறுதி எண்களையும் பலகையில் எழுதிப் பேசாவிட்டால் மீதி நேரமும் வீண். பேச்சு தமிழில் நடக்கட்டும், அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதட்டும். உயர்தரம் வரை தமிழில் படித்து வந்த பிள்ளை காரணத்தை ஆங்கிலத்தில் தேடத் தொடங்கினால் சந்தேகத்தைக் கேட்காமலே விட்டுவிடும்.

இரண்டாம் பருவத்தில் அவர்களை இங்கே களப்பயணம் கூட்டி வரப்போவதாகச் சொன்னாய். கன்னியாவுக்குக் கட்டாயம் கூட்டிப் போ. அளவீட்டுப் பாடத்துக்கு இந்த மாவட்டத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரியை ஆடினோ என்ற சிறு கணினிப் பலகையோடு இணைத்துக்கொண்டு வரட்டும். தரவுக் கம்பிக்கும் வழங்கலுக்கும் இடையில் 4.7 கிலோ ஓம் போட மறந்தால் திரையில் சய 127 பாகை வரும். 85 பாகை வந்தால் உணரி இன்னும் அளக்கவே தொடங்கவில்லை, அது மின் வந்ததும் அதன் நினைவில் இருக்கும் தொடக்க எண். 12 பிற் நுணுக்கத்தில் ஒரு வாசிப்புக்கு 750 மில்லி செக்கன் வரை விட வேண்டும்.

இந்த உணரி 0.0625 பாகைப் படிகளில் எண் தரும், ஆனால் அந்த எண் உண்மையிலிருந்து 0.5 பாகை வரை விலகியிருக்கலாம். இரண்டு கிணறுகளை இரண்டு உணரிகளால் அளந்து 0.3 பாகை வித்தியாசம் வந்தால் அது கிணற்றின் வித்தியாசமா உணரியின் வித்தியாசமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே உணரியை ஏழிலும் இறக்கினால் அந்த உணரியின் நிலையான வழு எல்லா வாசிப்பிலும் ஒன்றாக இருக்கும், வித்தியாசத்தை எடுக்கும்போது பெரும்பாலும் கழிந்துவிடும். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே ஆழம், மூன்று வாசிப்புகள் அடுத்தடுத்து ஒன்றாக வரும்வரை பொறுமை, ஏழு முடிந்ததும் திரும்ப முதலாவது கிணறு. முதலாவதன் இரண்டு வாசிப்பும் விலகினால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. குளிக்க வருபவர்கள் வாளியால் அள்ளத் தொடங்கினால் நீர் கலங்கி எண் ஆடும், அதனால் விடியவே போய்விட வேண்டும்.

வருமுன் உணரிகளைப் பனிக்கட்டியில் சோதிக்கட்டும். நொறுக்கிய ஐஸ் நிறைய, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர், நன்றாகக் கிளறி வைத்தால் பூச்சியம் பாகை. மீன்பெட்டிக்குப் போட்ட ஐஸ் வேண்டாம். உப்பு ஒட்டியிருந்தால் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், பிறகு நல்ல உணரியைத் திருத்தப் பார்ப்பார்கள்.

மத்தியானம் கிண்ணியாப் பாலம். 2009 இல் திறந்தது, நீளம் 396 மீற்றர். கொங்கிறீற்றும் உருக்கும் ஒரு பாகைக்கு மில்லியனில் ஏறத்தாழ 12 பங்கு நீளும் என்று வைத்தால் ஒரு பாகைக்கு 4.75 மில்லிமீற்றர், 15 பாகைக்கு 71 மில்லிமீற்றர். இதைப் பேருந்திலேயே கணக்குப் போட்டு, அந்த நீட்சியை எத்தனை இடைவெளிகளில் பங்கிட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஓரத்து நடைபாதையில் நின்று மூட்டுகளை எண்ணட்டும், அகலத்தைக் கண்ணால் மதிக்கட்டும். வாகனம் ஓடும் பக்கம் ஒருவரும் இறங்கக் கூடாது.

எத்தனை பேர், எந்தத் திகதி என்று இரண்டு கிழமைக்கு முன் சொல். சாப்பாட்டுக்கு அம்மா ஒழுங்கு செய்வாள். நல்ல தண்ணீரில் உறைந்த ஐஸும் அகலவாய் பிளாஸ்க்கும் இங்கே நான் எடுத்து வைக்கிறேன். நீ உணரிகளுக்கு உதிரியாக இரண்டும், 4.7 கிலோ ஓம் தடையி ஒரு கைப்பிடியும் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா