ருவாண்டா போறவங்களுக்கு ஊரோட உயரத்தையும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயணப் பக்கத்துல ருவாண்டா பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். கொரில்லா பார்க்கப் போறதப் பத்தி நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா கடைசியில பூமத்திய ரேகைப் பக்கம் இருக்கிற நாடு, வெயில் ஜாஸ்தி, காட்டன் துணி போதும்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அந்த ஒரு வரிய நம்பி பெட்டி கட்டுறவங்க அங்க போய் நடுங்கப் போறாங்க, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

ரேகைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற நாடுதான், ஆனா முழுக்க மலை. அங்க இருக்கிறதுலயே தாழ்வான இடமே கடல் மட்டத்துல இருந்து சுமார் 950 மீட்டர் உயரம், தலைநகர் கிகாலி 1,500 மீட்டருக்கு மேல. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறு டிகிரி குறையும், அதனால கிகாலில பகல்ல 27 டிகிரி போல இருந்தாலும் ராத்திரி 15, 16க்கு இறங்கிடும். இது வருஷம் பூரா கிட்டத்தட்ட இப்படியேதான், ஜனவரிக்கும் ஜூலைக்கும் சூட்டுல பெரிசா வித்தியாசம் தெரியாது.

கொரில்லா பார்க்கிற எரிமலைப் பூங்கா இன்னும் மேல. காலையில ஏழு மணிக்கு கினிகி ஊர்ல இருக்கிற பூங்கா ஆபீஸ் வாசல்ல போய் நின்னீங்கன்னா பேசும்போது வாயிலருந்து புகை வரும், மலை உச்சி எதுவுமே கண்ணுக்குத் தெரியாது, ஒன்பது பத்து மணிக்கு வெயில் வந்து ஸ்வெட்டரக் கழட்ட வைக்கும், காட்டுக்குள்ள நுழைஞ்சதும் மறுபடி ஈரம், முழங்கால் வரைக்கும் சேறு, அதுக்கு நடுவுல ஆள் உயரத்துக்கு காஞ்சொறி மாதிரி சுணைச் செடி. மெல்லிசு பேன்ட்டுக்குள்ளயே சுணை ஏறிடும், அதனால கெட்டித் துணி பேன்ட், முழுக்கை சட்டை, தோட்ட வேலைக்குப் போடுற கையுறை, கணுக்கால மூடுற ஷூ, இதெல்லாம் கட்டாயம். அனுமதிச் சீட்டே ஆளுக்கு 1,500 டாலர், பக்கத்துல நிக்கக் கிடைக்கிறதோ ஒரே ஒரு மணி நேரம், அதுல குளிர்ல வெடவெடன்னு நின்னா மனசு எங்க கொரில்லா மேல போகும்?

அங்க பருவத்த மழைய வச்சுத்தான் பிரிக்கணும். மார்ச்லருந்து மே வரைக்கும் பெருமழை, செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் சின்ன மழைக்காலம். சூரியன் உச்சிக்கு மேல வருஷத்துக்கு ரெண்டு தடவை கடந்து போகும், மழை மேகப் பட்டையும் அது பின்னாடியே வடக்கும் தெற்கும் அலையுது, அதான் ரெண்டு மழைக்காலம். ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் போறது நல்லது, தூசி கொஞ்சம் இருக்கும், பரவாயில்ல. ஏப்ரல் மே-ல கூட்டம் இருக்காதுன்னு சொல்லி யாராவது பேக்கேஜ் வித்தா ரோடு நிலவரத்த விசாரிச்சுட்டு பணம் கட்டுங்க. 2023 மே மாச ஆரம்பத்துல ஒரே ராத்திரி பெய்ஞ்ச மழையில மேற்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் வெள்ளம், மண்சரிவுன்னு 130 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த மலை ரோட்டுலதான் சுற்றுலா வண்டியும் போயாகணும். அங்க இடி மின்னலும் ரொம்பக் கடுமை, இடி சத்தம் கேட்டா மரத்தடியில ஒதுங்காதீங்க.

வெயில் விஷயத்துலயும் ஏமாந்துடக் கூடாது. காத்து குளுகுளுன்னு இருக்கிறதால சுடுறதே தெரியாது, ஆனா உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிரும் கூடும், மேகமா இருக்கிற நாள்லயே பின்கழுத்து தோல் உரிஞ்சுடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் எடுத்துக்கோங்க. குளிர் நாடுன்னு நெனச்சு கொசுவ விட்டுடாதீங்க, மலேரியா அங்க இருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டரப் பார்த்து மாத்திரை கேட்டு வாங்கிடுங்க. ஈரத் துணி வைக்க பிளாஸ்டிக் கவர் கொண்டு போகாதீங்க, 2008லருந்தே தடை, ஏர்போர்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க. நனையாத துணிப்பை ஒண்ணு போதும்.

கிழக்குல அகாகேரா சரணாலயம் தாழ்வான இடம், அங்க மட்டும் கட்டுரையில சொன்ன மாதிரி காட்டன் துணி சரி. 4,507 மீட்டர் உயரமான கரிசிம்பி மலைக்கு ஏற நினைக்கிறவங்களுக்கு அது எந்த விதத்துலயும் பொருந்தாது, உச்சியில ஆலங்கட்டி மழையே பெய்யும், மூச்சு வாங்கும், தலைவலி வரும், அப்பவும் வீம்புக்கு ஏறாம இறங்கிடணும்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். இனிமே பயணப் பக்கத்துல எந்த நாட்டப் பத்தி எழுதினாலும் ஒவ்வொரு ஊர்ப் பேருக்குப் பக்கத்துலயும் அது எத்தனை மீட்டர் உயரம், மழை எந்த மாசம்னு ரெண்டு விஷயத்தப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்