ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஹால் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முப்பத்தைந்து பேர் நாங்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறோம். முன்பு தி.நகரில் ஒரு நண்பரின் மொட்டை மாடி இருந்தது. அவர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார். ஆறு மாதமாக இடம் தேடுகிறோம், தேடுகிற வேலை என் தலையில்.

ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். ஆவடி, அண்ணா நகர், திருவான்மியூர், மேடவாக்கம், ஊரப்பாக்கம், இரண்டு பேர் செங்கல்பட்டு. கார் வைத்திருப்பவர்கள் நாலே பேர், ஆனால் யோசனை சொல்வதெல்லாம் அவர்கள்தான். ஈ.சி.ஆரில் அருமையான ஹால், பார்க்கிங் தாராளம் என்கிறார்கள். செங்கல்பட்டிலிருந்து எழுபது வயதில் ஒருவர் அங்கே எப்படி வந்து சேர்வார் என்று கேட்டால், ஓலா புக் பண்ணிக்கட்டுமே என்று பதில் வருகிறது.

பரங்கிமலைதான் எங்களுக்குச் சரிப்படும். செங்கல்பட்டு, ஊரப்பாக்கம் ஆட்கள் மின்சார ரயிலில் நேரே வந்து இறங்கலாம், அண்ணா நகர்க்காரர்கள் ஏறுகிற பச்சை வழித்தட மெட்ரோ அங்கேதான் போய் முடிகிறது, ஆவடிக்காரர் சென்ட்ரலில் இறங்கி சுரங்கப்பாதை வழியாக பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து தாம்பரம் வண்டியைப் பிடித்தால் ஆயிற்று. மேடவாக்கத்துக்கு மட்டும் பஸ். ஞாயிற்றுக்கிழமை வண்டியே குறைவு, அதிலும் பராமரிப்புப் பணி என்று சில வாரம் ரத்து செய்துவிடுவார்கள், அதை முந்தின நாள் உங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

சரி, ஹால்? கல்யாண மண்டபத்தில் மினி ஹால் கேட்டால் அரை நாள் வாடகை, கரண்டுக்குத் தனி, கிளீனிங்குக்குத் தனி, முகூர்த்த நாளென்றால் கிடையவே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் அவர்களே கூப்பிடுகிறார்கள்! ஹோட்டல் பார்ட்டி ஹாலில் குறைந்தது ஐம்பது சாப்பாடு சொல்ல வேண்டுமாம். எங்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள், ஆளுக்கு இரண்டு இட்லி போதும்.

போன மாதம் ஓர் இடம் அமைந்தது. ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம் என்று போனில் சொன்னார்கள். மூட்டு தேய்ந்த நண்பர் ஒருவரோடு நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிளாட்பாரத்திலிருந்து மேம்பாலம், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார், பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றார். அப்புறம் இறக்கம், நடைபாதையை அடைத்து நின்ற பைக்குகளைச் சுற்றி ரோட்டில் இறங்கி நடை, சிக்னலே இல்லாத ஒரு சாலை. இருபத்திரண்டு நிமிடம். ஹால் இரண்டாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். அவர் கீழே வாட்ச்மேன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நாலு பேர் இறங்கி வந்து அவரோடு டீ குடித்ததுதான் அன்றைய கூட்டம். ஐந்து நிமிடம் என்று சொன்னவர் பைக்கில் போகிறவராக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் இடம் இல்லாமல் இல்லை. 2004இல் திருவான்மியூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் வந்த பறக்கும் ரயிலின் நிலையங்களைப் பாருங்கள். டிக்கெட் கவுன்ட்டருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே எவ்வளவு பெரிய தளங்கள்! கடைகள் வரும் என்று கட்டியவை, பல இடங்களில் தூசியும் புறாவும்தான் குடியிருக்கின்றன. அதில் ஒரு மூலையைத் தடுத்து, ஃபேன் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டால் என்ன? மின்சார ரயிலில் வருகிறவர்கள் பார்க்கில் இறங்கி பார்க் டவுனில் மாறிக்கொள்வார்கள், ரோட்டைக் கடக்கவே வேண்டாம். ரயில்வேக்கும் காசு. எங்களைப் போல வாசகர் வட்டம், குடியிருப்போர் சங்கம், டியூஷன் எடுக்கிற பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் வருவார்கள். அது முடியாதென்றால் ஸ்டேஷன் அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு வகுப்பறையை ஞாயிறு மட்டும் திறந்துவிடட்டும், பெருக்கி வைத்துவிட்டுப் போகிறோம்.

அதுவரைக்கும் உங்கள் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். பரங்கிமலை அல்லது கிண்டி பக்கம் தரைத்தளத்தில் முப்பத்தைந்து நாற்காலி, இரண்டு ஃபேன், படி ஏறாமல் போகிற ஒரு கழிப்பறை உள்ள இடம் யாருக்காவது தெரிந்தால் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். மைக் வேண்டாம், நாங்கள் கத்திப் பேசியே பழகியவர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊழியர்,
குரோம்பேட்டை