எழுத்தறிவுத் தேர்வுக்குப் பிறகு பெண்கள் எதைப் படிப்பார்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15 வயதைக் கடந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட வகுப்புகளுக்கு எங்கள் பகுதியில் வருவோரில் பெரும்பாலோர் பெண்களே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 87 விழுக்காடாகவும், பெண்களின் எழுத்தறிவு 73 விழுக்காடாகவும் இருந்த நிலையில் இதில் வியப்பில்லை. தேர்வில் தேறியவருக்குச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு அவர் படிப்பதற்கு ஊரில் எதுவும் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நானும் ஒரு தொண்டராகப் பணியாற்றினேன். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். குழந்தையை முன்கம்பியில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி வாங்கிய பெண்கள் உண்டு. கல்குவாரியைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்த பெண்களுக்கோ கணக்கு வழக்கைத் தாங்களே பார்க்க வேண்டிய தேவை வந்தது. கற்ற எழுத்துக்கு அன்றாடம் வேலை இருந்ததால்தான் அது அவர்களிடம் தங்கியது என்பது என் உறுதியான கருத்து. 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்ட பின், தொண்டர்கள் பிழைப்பைத் தேடிக் கலைந்தோம். வாசிக்க ஒன்றும் கிடைக்காமல், சில ஆண்டுகளிலேயே மறுபடியும் கைநாட்டுக்குத் திரும்பிய பெண்களையும் நான் அறிவேன்.

அந்த நிலை மீண்டும் வராமல் தடுக்கப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகம் கட்டப்பட்டது. அவற்றுள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. திறக்கப்படுபவையும், பெண்கள் 100 நாள் வேலைக்கோ வயலுக்கோ சென்றிருக்கும் பகல் நேரத்தில்தான் திறக்கப்படுகின்றன. இந்த நூலகங்களை மாலை 6 மணி முதல் 8 மணி வரை திறந்துவைத்து, எழுத்தறிவு வகுப்பையும் அங்கேயே நடத்தி, பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு நூல்களோடு வங்கிப் படிவம், மகளிர் குழுவின் கணக்கேடு, மருந்துச் சீட்டு ஆகியவற்றையும் வாசிக்கப் பழக்க வேண்டும். அந்த நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஊரிலேயே பள்ளிப்படிப்பை முடித்த ஒரு பெண்ணிடம் மாத ஊதியத்துடன் ஒப்படைப்பது நல்லது. ஊதியமில்லாத் தொண்டை மட்டும் நம்பிய ஏற்பாடு நெடுநாள் நிலைப்பதில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்போர் சிரமமின்றி வாசிக்கும்படி, நெல் கொள்முதல் விலை, ரேஷன் கடை அறிவிப்பு, உள்ளூர்ச் செய்தி ஆகியவற்றைச் சிறு வாக்கியங்களில், பெரிய எழுத்தில், வாரம் ஒருமுறை அரைப் பக்கம் வெளியிட இயலுமா எனப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் அறிவொளித் தொண்டர்,
புதுக்கோட்டை மாவட்டம்.