வடசென்னைக்கு இது போதுமாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களுக்கான புதிய துறைகள் குறித்துச் சென்ற இதழில் வந்த சிறப்புக் கட்டுரையில், "வடசென்னைப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டையும் கானாவும் பிறவியிலேயே வாய்த்தவை, அவற்றை வளர்த்துவிட்டாலே போதும்" என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருக்கிறார். பாராட்டுவதாக நினைத்தே எழுதியிருப்பார். குத்துச்சண்டை மீதும் கானா மீதும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு எது போதும் என்று முடிவுசெய்யும் பொறுப்பை அவரிடம் யார் ஒப்படைத்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதும், 1955 முதல் பெரம்பூரில் ரயில் பெட்டிகள் தயாராகி வருவதும் தாங்கள் அறியாதவை அல்ல. துறைமுகமும் மணலிச் சுத்திகரிப்பு ஆலையும் எங்கள் பக்கம்தான். ஆலைப் புகையைச் சுவாசிக்க எங்களிடம் யாரும் தகுதி கேட்டதில்லை; உள்ளே பொறியாளராக நுழைவதற்கு மட்டும் பிறவி வாய்ப்பு வேண்டும் போலும். கோளரங்கம், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம், அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகிய மூன்றும் கோட்டூர்புரத்தில் இருக்கின்றன. திருவொற்றியூரிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வந்தால் பாதி நாள் பேருந்திலேயே கழிந்துவிடும்; ஆசிரியையாக அனுபவித்துச் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தந்தை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பிகள் பாடம் நடந்த அன்று, கேட்காமலே எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, அப்பா ஓட்டும் கிரேனின் கொக்கியைக் கரும்பலகையில் வரைந்தாள். நான்கு கயிறுகள் பாரத்தைத் தாங்கும் விதத்தையும், அதனால் இழுவிசை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைவதையும் அவளே வகுப்புக்கு விளக்கினாள். கோடுகள் அளவுகோல் வைத்து இழுத்தவை போல இருந்தன. கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு 'நாட்டா' என்றொரு நுழைவுத் தேர்வு உண்டு என்பதை அவள் அறிந்ததே, அதில் தேறிய அடையாறு மாணவர் ஒருவரின் பேட்டியைத் தங்கள் இதழில் படித்த பிறகுதான். அதற்குள் அந்த ஆண்டு விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டது. பி.காம். சேர்ந்தாள். பிறகு வேலைக்கான நேர்காணல் ஒன்றில், "காசிமேடா? பார்த்தால் தெரியவே இல்லையே" என்று புன்னகையோடு சொன்னார்களாம். அதுவும் பாராட்டுதான்!

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபின் மருத்துவம், பொறியியல் கதவுகள் சற்றுத் திறந்திருப்பதை மறுக்கவில்லை. மற்றக் கதவுகள் இருப்பதே எங்கள் தெருக்களில் தெரியாது. 1850-இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி எழும்பூரில்தான் இருக்கிறது. சுவரெல்லாம் வரைந்து தள்ளும் எங்கள் பையன்களில் எத்தனை பேரிடம் அதைப் பற்றி யார் சொல்லியிருக்கிறார்கள்? தங்கள் இதழின் வழிகாட்டி நிகழ்ச்சிகளோ ஆண்டுதோறும் தென்சென்னைக் குளிர்சாதன அரங்குகளில் நடக்கின்றன. எங்கள் பகுதிக்குத் தங்கள் புகைப்படக்காரர் வருவது பறையடிக்கும்போதும் வெள்ளம் வரும்போதும் மட்டுமே.

மறுப்புச் செய்தி வெளியிடும்படி நான் கேட்கவில்லை. கட்டடக்கலை, வடிவமைப்பு, கவின்கலை, அடிப்படை அறிவியல் ஆகியவற்றுக்கான நுழைவுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை, அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே, இரண்டு அங்குலக் கட்டத்தில் வெளியிட்டால் போதும். முடிந்தால் பின்னட்டைக்கு உள்பக்கத்தில் போடுங்கள். டீக்கடையில் பிரித்துப் போட்டாலும் அந்தத் தாள் தனியாகக் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.