எம்டனில் இருந்த இன்னொருவர்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் தெம்பாக இருந்தது. பிசியோதெரபிக்காரர் சொல்வதையாவது தட்டாமல் கேள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் பெங்களூரிலேயே வீடு வாங்கிவிட்டான். இனி இந்தப் பக்கம் திரும்பமாட்டான் என்று இவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

எம்டன் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் முதல் உலகப்போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல். உன் பேரன் கட்டுரையில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னைமேல் குண்டு போட்டார் என்று எழுதியிருக்கிறான், சரிதானே என்று கேட்டிருக்கிறாய். நம் ஊரில் வேர்விட்ட கதை அது. ஆனால் எம்டன் கிளம்பியது சீனாவின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனபோது பிள்ளை ஐரோப்பாவில், சூரிச்சில் உட்கார்ந்து விடுதலைக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்த காரியங்களே அவருக்குப் போதுமான பெருமை. நாமாக ஒரு கப்பலில் ஏற்றிவிட வேண்டியதில்லை.

கப்பலில் நிஜமாகவே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் பெயர் உனக்குத் தெரியும். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ஹெல்முத் ஃபான் மியூக்கே. 1881-இல் சாக்சனியில் ஸ்விக்காவ் என்ற ஊரில் பிறந்தவர். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிதான். மரச்சட்டமும் கித்தான் துணியும் வைத்து நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி, இங்கிலீஷ் குரூசர்போலக் காட்டலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். அந்த வேஷத்தில்தான் அக்டோபர் 28 விடிகாலையில் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து, நின்றுகொண்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடித்தார்கள்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுக்கூட்டத்தில் டைரக்ஷன் தீவு. அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைத்துவிட்டு வரச்சொல்லி மியூக்கேயோடு 50 பேரைப் படகில் இறக்கினார் முல்லர். நிலையத்து ஆங்கிலேயர்கள் சண்டைக்கு வரவில்லை. தந்திக் கம்பத்தைச் சாய்க்கும்போது எங்கள் டென்னிஸ் கோர்ட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். இவர்களும் சரியென்று வேறு பக்கமாகச் சாய்த்தார்கள்! யுத்தம் ஆரம்பித்துச் சில மாதங்கள்தானே, அந்த மரியாதையெல்லாம் இன்னும் மிச்சமிருந்தது.

வேலை முடிவதற்குள் எம்டன் சங்கு ஊதிவிட்டுக் கிளம்பிவிட்டது. படகில் துரத்திப் பார்த்தும் எட்டவில்லை. ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்துவிட்டிருந்தது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கள் கப்பல் அடிவாங்குவது தெரிந்தது. எம்டன் கடைசியில் வடக்கு கீலிங் தீவுப் பாறையில் போய் மோதி நின்றது. சிட்னி எப்படியும் தீவுக்குத் திரும்பி வரும். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் வெள்ளைக்கொடிக்குத் துணி தேடியிருப்பேன்.

மியூக்கே அங்கே நங்கூரமிட்டு நின்ற ஆயிஷா என்ற பாய்க்கப்பலைப் பார்த்தார். மூன்று பாய்மரம், நூறு டன்னுக்கும் குறைவு, கொப்பரை ஏற்றிய காலம் போய்ச் சும்மா கிடந்தது. ஓட்ட ஐந்தாறு ஆள் போதும், இடமும் அவ்வளவுதான். அடிப்பலகை உளுத்துவிட்டது, இதில் போகாதீர்கள் என்று தீவுக்காரர்களே எச்சரித்தார்கள். அன்று சாயங்காலமே 50 பேரும் அதில் ஏறிவிட்டார்கள். துணிமணியும் சாப்பாட்டுச் சாமானும் கொடுத்து அனுப்பியவர்கள் யார் தெரியுமா? அந்த ஆங்கிலேயர்களேதான்.

நீராவிக் கப்பலில் பழகியவர்கள் பாய் கட்டிக்கொண்டு சுமத்ரா போனார்கள். மழை பெய்தால் பாயை விரித்துத் தண்ணீர் பிடிப்பார்கள். நவம்பர் கடைசியில் அங்கே பாடாங் துறைமுகம் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது சுமத்ராவை ஆண்ட டச்சுக்காரர்கள் போரில் நடுநிலை. 24 மணி நேரத்தில் கிளம்பு, இல்லாவிட்டால் சிறை என்றார்கள். கடல் வரைபடம் கேட்டால் கிடையாது. சோப்பும் பல் துலக்குகிற பிரஷும்கூடப் போர்ப்பலத்தைக் கூட்டும் பொருள் என்று மறுத்துவிட்டார்கள். நம் ஆபீஸில் குண்டூசிக்கு இண்டென்ட் போட்ட கதை ஞாபகம் வருகிறதா?

டிசம்பரில் நடுக்கடலில் சோய்சிங் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல் கிடைத்தது. அதில் மாறி, ஆயிஷாவைத் தங்கள் கையாலேயே மூழ்கடித்துவிட்டு, ஜெர்மனியின் கூட்டாளியான துருக்கியின் கையிலிருந்த ஏமனுக்குப் போனார்கள். அங்கே ஹொதைதா துறைமுகத்தை நெருங்கும் ராத்திரியில் தூரத்தில் வரிசையாக விளக்கு. இறங்குதுறை என்று நினைத்தார்கள், பிறகு பார்த்தால் பிரெஞ்சுப் போர்க்கப்பல்!

அங்கிருந்து நிலவழியாகப் போகலாம் என்று சனா மலைக்கு ஏறிப் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்தார்கள். வழி சரிப்படாமல் திரும்பவும் கரைக்கு இறங்கி, சம்புக் என்ற அரபுப் பாய்ப்படகு இரண்டில் கிளம்பினார்கள். நோயாளிகள் இருந்த படகு பவளப்பாறையில் மோதி உடைந்தது. பிறகு ஒட்டகம். 1915 ஏப்ரல் ஆரம்பம், ஜித்தாவுக்கு இன்னும் ஒருநாள் பயணம்தான் பாக்கி, அப்போது பெதுவின்கள் என்ற பாலைவன அரபு நாடோடிகள் நூற்றுக்கணக்கில் சூழ்ந்துகொண்டார்கள். ஒட்டகச் சேணத்தையும் அரிசி மூட்டையையும் அடுக்கிச் சுவராக்கி, மணலைத் தோண்டிப் படுத்து மூன்று நாள் சுட்டார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, செத்த ஒட்டகங்களின் நாற்றம் வேறு. லெப்டினன்ட் ஷ்மிட் அங்கேதான் இறந்தார். கடைசியில் மெக்காவின் தலைவரான ஷரீஃபின் ஆட்கள் வந்து மீட்டார்கள். தாக்கவைத்ததே அந்த ஷரீஃப்தான் என்று மியூக்கேக்குக் கடைசிவரை சந்தேகம்.

மே மாதம் அல் உலாவில் ஹிஜாஸ் ரயிலைப் பிடித்தார்கள். காத்திருந்த ஜெர்மன் பத்திரிகைக்காரர் முதலில் குளியலா, ரைன் ஒயினா என்று கேட்க, ஒயின் என்றாராம் மியூக்கே. 23-ஆம் தேதி கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஜெர்மன் அட்மிரல் சூஷோன் முன்னால் அணிவகுத்து நின்று, கொடியைத் தாழ்த்தி, எம்டனின் கரையிறங்கும் படை வந்து சேர்ந்தது என்று அறிக்கை கொடுத்தார். ஆறரை மாதம் கழித்து!

எல்லோரும் கதையை இங்கே முடித்துக் கைதட்டிவிடுகிறார்கள். எனக்கு இதற்குமேல்தான் யோசனை ஓடியது. மியூக்கே அந்த வருஷமே இரண்டு புத்தகம் போட்டார், நன்றாக விற்றன. கேப்டன் முல்லரோ, செத்த தோழர்களின் ரத்தத்தைக் காசாக்குவதுபோல் இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுத மறுத்து, 1923-இல் போய்ச் சேர்ந்தார். சண்டை முடிந்து கடற்படையை விட்ட மியூக்கே அரசியலில் இறங்கினார், அதுவும் எந்தக் கட்சி? ஹிட்லர் கட்சி. 1926-இல் சாக்சனி சட்டசபைக்கே போனார். 1929-இல் வெளியே வந்தார். அந்தக் கட்சிக்குக் காற்று அடிக்க ஆரம்பித்த நேரம் அது, பதவிக்கு ஆசைப்பட்டவன் விலகமாட்டான். பிறகு அவர்களை எதிர்த்துப் பேசினார், வாயை அடைத்தார்கள். இரண்டாம் போருக்குப் பின் ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் வேண்டாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். 1957-இல் ஹாம்பர்க் பக்கத்தில் ஆரென்ஸ்பர்க்கில் காலமானார்.

சேர்ந்ததை விலகியது கழுவிவிடும் என்று நான் சொல்லவில்லை. யூத வெறுப்பை ஒளித்துவைத்த கட்சியா அது, மேடை போட்டுக் கூவிய கட்சி. உளுத்த பலகையை ஆயிஷாவில் கண்ணால் பார்த்தும் ஏறினார், அப்போது வேறு வழியில்லை. 1926-இல் அவரை யார் துரத்தினார்கள்? உன் கருத்தை எழுது, நீதான் எதற்கும் எதிர்க்கட்சி ஆயிற்றே.

நம் கணக்கு வாத்தியார் பேத்தி கல்யாணப் பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். எவ்வளவு மொய் வைக்கிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, நான் குறைத்து வைத்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி